டெவாப்ஸ் கோர்ஸுக்குப் பணம் கட்டுமுன்

கல்லூரி ரிசல்ட் வந்த பிறகு இரண்டு மாதம் அரக்கோணம் ஸ்டேஷனில் எனக்குச் சங்கடமான காலம். காலை லோக்கலுக்காக நிற்கும்போது யாராவது ஓர் அப்பா வந்து கையைப் பிடித்துக்கொள்வார். இந்த வருடம் முதலில் பிடித்தவர் எலெக்ட்ரிக் லோகோ ஷெட்டில் என் அப்பாவோடு வேலை பார்த்தவர்.

"தம்பி, டெவாப்ஸ்னு ஒண்ணு இருக்காமே. மூணு மாசந்தான். முடிச்சா எட்டு லட்சம் பேக்கேஜுன்றான். 90,000 கட்டச் சொல்றான். வீட்ல வளையல வச்சுடலாம்னு இருக்கோம். நீ இன்னா சொல்ற?"

பக்கத்தில் மகன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறான். அப்பா பேசும்போது தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டேன். "தெரியலண்ணா. எங்க கிளாஸ்ல எல்லாரும் அதுக்குத்தான் போறாங்க" என்றான். வண்டி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டு ஏறினேன். திருவாலங்காடு தாண்டும்வரை மனசு ஆறவில்லை.

பேக்கேஜ் என்றால் அவருக்குச் சம்பளம். எனக்கு அது வேறு. மூலநிரலை எடுத்து, கம்பைல் செய்து, சோதித்து, யார் கணினியிலும் ஒரே கட்டளையில் இறங்கும்படி கட்டிவைக்கும் பொட்டலம். லினக்ஸில் 'ஆப்ட் இன்ஸ்டால்' என்று அடித்தால் வந்து இறங்குகிறதே, அது. அந்தப் பொட்டலங்களைக் கட்டும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. இப்படி ஒரு வேலை இருப்பதாக எந்த வழிகாட்டு நிகழ்ச்சியிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் நானே எழுதுகிறேன். தன் கடைச் சரக்கைப் பற்றித் தானே பேசுகிறான் என்று கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்கலாம்.

ரயில்வே தேர்வு, வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி, பெரிய ஐடி கம்பெனிகளின் கேம்பஸ், வெப் டெவலப்பர், டெஸ்டிங் இவற்றைப் பற்றி எல்லாம் நான் சொல்ல என்ன இருக்கிறது. அரக்கோணத்தில் தெருவுக்கு நாலு பேர் அந்த வழிகளில் போயிருக்கிறார்கள், அவர்களையே கேட்டுவிடலாம். எனக்குச் சொல்ல இருப்பது ஒரு சின்னக் கூட்டத்துக்கு. ஸ்கிரீனில் பட்டன் வரைவதைவிட, மெஷின் உள்ளே என்ன நடக்கிறது என்று நோண்டிப் பார்ப்பதில் ருசி கண்டவர்கள், 'சிஸ்டம் பக்கம் போகணும்' என்று சொல்பவர்கள். அவர்கள் முன்னால் இன்று மூன்று வாசல் இருக்கிறது. சர்வர் சப்போர்ட் வேலை ஒன்று. டெவாப்ஸ், கிளவுட் சான்றிதழ் இரண்டாவது. பேக்கேஜ் கட்டுவதும் பில்ட் சர்வர் பராமரிப்பும் மூன்றாவது.

சப்போர்ட் வேலை கெட்டதல்ல. நைட் ஷிப்ட், டிக்கெட், போன். இரண்டு வருடம் தாங்கினால் லினக்ஸ் கையில் பழகிவிடும். மூன்றாவது வருடமும் அதே நாற்காலியில் இருந்தால் எழுந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது வாசல் என்னவென்று முதலில் காட்டிவிடுகிறேன், பிறகு இரண்டாவதைத் திட்டலாம்.

டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கியது. உபுண்டு இதிலிருந்து வந்தது. சென்னையில் சி-டாக் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் இதிலிருந்துதான். 2025 ஆகஸ்டில் வந்த பதின்மூன்றாம் பதிப்பில் ஏறத்தாழ 70,000 பேக்கேஜ்கள். ஒவ்வொன்றையும் பல வகைப் பிராசஸர்களுக்குத் தனித்தனியே கட்ட வேண்டும். மேசைக் கணினிக்கு ஒன்று, ஆர்ம் சிப்புக்கு ஒன்று, ஐபிஎம் மெயின்ஃபிரேமுக்கு ஒன்று. இந்தப் பதிப்பில் ரிஸ்க்-ஃபைவ் என்ற பிராசஸர் வகையும் அதிகாரபூர்வமாகச் சேர்ந்திருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் உருவான சக்தி பிராசஸர் அந்தக் குடும்பம்தான். இத்தனையையும் மனிதர் உட்கார்ந்து கட்ட முடியாது. பராமரிப்பாளர் மூலநிரலை ஏற்றிவிட்டால், வான்னா-பில்ட் என்ற தரவுத்தளம் அதை வரிசையில் போடும். உலகில் எங்கெங்கோ இருக்கும் பில்ட் மெஷின்கள் அதனிடம் வேலை கேட்டு வாங்கிப் போகும். ஒவ்வொரு முறையும் துடைத்து வைத்த ஒரு சுத்தமான அறைக்குள், தேவையான லைப்ரரிகளை மட்டும் இறக்கி, பில்ட் நடக்கும். பில்ட் நடக்கும்போது இணையத்திலிருந்து எதையும் இழுக்கக்கூடாது என்பது விதி.

ஜங்ஷன்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பேக்கேஜின் நிலையைச் சொல்லும் சொற்களில் 'டெப்-வெயிட்' என்று ஒன்று உண்டு. தனக்கு வேண்டிய லைப்ரரி இன்னும் வரவில்லை, அது வந்த பிறகே புறப்படும். ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து வரும் வண்டி தாமதமானால் இணைப்பு வண்டியை இங்கே பிடித்து வைப்பார்களே, அதே கதை. 'நீட்ஸ்-பில்ட்' என்றால் சிக்னலுக்கு நிற்கிறது. 'பில்ட்-அட்டெம்ப்டட்' என்றால் புறப்பட்டு வழியில் நின்றுவிட்டது, ஆள் போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஆள்தான் நான்.

ஆள் போய் என்ன பார்க்கிறான்? லாக். பில்ட் ஓடும்போது அது கக்கிய எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். நாலாயிரம் வரி, சில நாள் நாற்பதாயிரம் வரி. தப்பு அதற்குள் எங்கோ இருக்கிறது. வட்டு நிரம்பியிருக்கலாம். புது கம்பைலர் பழைய நிரலை ஒப்புக்கொள்ளாமல் போயிருக்கலாம். ஒருமுறை ஒரு பேக்கேஜ் பில்ட் மெஷினில் எல்லாம் சரியாகக் கட்டி, என் மடிக்கணினியில் மட்டும் சோதனையில் தோற்றுக்கொண்டிருந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்தச் சோதனையை எழுதியவர் உலகில் எல்லா நாட்டு நேரமும் முழு மணிக்கணக்கில்தான் வித்தியாசப்படும் என்று நினைத்திருக்கிறார். நம் நாட்டு நேரம் ஐந்தரை மணி. பில்ட் மெஷின் கிரீன்விச் நேரத்தில் ஓடியது, என் கணினி இந்திய நேரத்தில். அந்த அரை மணியில்தான் விழுந்திருக்கிறது. திருத்தம் ஒரே வரி.

இனி இரண்டாவது வாசல்.

டெவாப்ஸ் என்ற வேலை பொய்யல்ல. நிரல் எழுதுபவரும் சர்வர் பார்ப்பவரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்த காலத்தில், இரண்டையும் ஒரே கை பார்க்கட்டும் என்று வந்த நல்ல யோசனை. பத்து வருடம் சர்வர் பார்த்தவர், பத்து வருடம் நிரல் எழுதியவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அழகாக இருக்கும். நான் சொல்வது அந்த நாற்காலிக்கு மூன்று மாதத்தில் ஏற்றி விடுகிறோம் என்று விற்கப்படும் ஏணியைப் பற்றி.

என்ன சொல்லித்தருகிறார்கள்? பாடத்திட்டத் தாள்கள் நிறையப் பார்த்துவிட்டேன். பிள்ளைகள் வாட்ஸப்பில் அனுப்புவார்கள். முதல் வாரம் லினக்ஸ் கட்டளைகள். இரண்டாம் வாரம் கிட். பிறகு ஜென்கின்ஸ், டாக்கர், குபர்னெட்டிஸ், டெராஃபார்ம், ஆன்சிபிள், கடைசியில் ஒரு கிளவுட் கம்பெனியின் சான்றிதழுக்கான கேள்வி வங்கி. லினக்ஸுக்கு ஒரு வாரம்! ஓட்டுநர் பள்ளியில் ஸ்டியரிங்கை ஒரு மணி நேரம் பிடிக்கவிட்டு, மீதி நாளெல்லாம் கார் ஷோரூமைச் சுற்றிக் காட்டினால் எப்படி இருக்கும்? பையன் கருவிகளின் பெயரை எல்லாம் ஒப்பிப்பான். யாமல் கோப்பை ஒரு இடத்தில் காப்பி செய்து இன்னொரு இடத்தில் ஒட்டுவான். கட்டுவதும் சோதிப்பதும் தானாக வரிசையில் ஓடும் பைப்லைன் பச்சையாக மாறினால் மகிழ்வான். சிவப்பானால் மறுபடி ஓட்டுவான். மறுபடியும் சிவப்பானால் அவனுக்குச் சொல்லித்தரப்படாத இடம் அங்கே தொடங்குகிறது.

நேர்முகத்துக்கு வருபவர்களிடம் நான் ஒரே கேள்விதான் கேட்பேன். ஒரு தோற்றுப்போன பில்டின் லாக்கைக் கொடுத்து, ஏன் தோற்றது என்று பார்க்கச் சொல்வேன். நேரக் கட்டுப்பாடு இல்லை, கூகுள் தேடலாம், டீ குடிக்கலாம். வந்தவர்களில் பெரும்பாலோர் நேராகக் கோப்பின் கடைசிக்குப் போவார்கள். அங்கே 'மேக்... எரர் 2' என்று இருக்கும். அதைத் தேடலில் போடுவார்கள். அந்த வரி ஒன்றுமே சொல்லாது; உள்ளே ஏதோ தோற்றது, அதனால் நானும் நிறுத்திவிட்டேன் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். ஒரே நேரத்தில் எட்டுக் கோப்புகள் கம்பைல் ஆகும்போது ஒன்று விழுந்தாலும் மற்ற ஏழும் தம் வேலையை முடிக்கும்வரை பேசிக்கொண்டே இருக்கும். அதனால் உண்மையான தப்பு முந்நூறு வரிக்கு மேலே புதைந்து கிடக்கும். என் லாக்கில் அங்கே இருந்தது, 'கில்டு சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி-ஒன்-பிளஸ்' என்ற வரி. சான்றிதழ் மூன்று வைத்திருந்த ஒரு தம்பி ரொம்ப நேரம் தேடி அதைக் கண்டுபிடித்துவிட்டார். சந்தோஷமாக இருந்தது. "கம்பைலர் கரப்ட் ஆயிருக்கு சார், புது வெர்ஷன் போட்டுடலாம்" என்றார்.

அதே லாக்கை சோளிங்கரிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். சான்றிதழ் எதுவும் கிடையாது. அந்த வரியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சார், அந்த மெஷின்ல ராம் எவ்வளவு?" நான் அவளை வேலைக்கு எடுக்க வைத்த கேள்வி அது. அந்த வரியில் நினைவகம் என்ற சொல்லே கிடையாது. கம்பைலரை யாரோ கொன்றிருக்கிறார்கள் என்றுதான் அது சொல்கிறது. கொன்றது லினக்ஸ் கெர்னல். எட்டு கம்பைலர்கள் ஒன்றாக ஓடி நினைவகம் தீர்ந்ததும், பெருந்தீனிக்காரன் ஒருவனைப் பார்த்துக் கெர்னல் போட்டுத் தள்ளிவிட்டது. எட்டை மூன்றாகக் குறைத்தால் பில்ட் மெதுவாக, ஆனால் முழுசாக முடியும். அந்தப் பெண் இதை எங்கே கற்றாள் என்று கேட்டேன். வீட்டில் அண்ணனுக்கு அரசு கொடுத்த பழைய மடிக்கணினி, அதில் பெரிய மென்பொருள் ஒன்றைக் கம்பைல் செய்யப் பார்த்து, அது உறைந்து உறைந்து போய், ஏனென்று தேடியிருக்கிறாள். 2011-இல் தொடங்கிய திட்டத்தில் வந்த மடிக்கணினி அது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் வந்த அத்தனையிலும் முதல் வாரமே பாஸை அழித்துவிட்டார்கள். அந்த வீட்டில் மட்டும் அழிக்கத் தெரியவில்லை போலிருக்கிறது.

கோர்ஸ் முடித்தும் வேலை கிடைக்காதபோது அடுத்த கதவு திறக்கும். 'எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம்' என்பார்கள். மூன்று வருடம் வேலை பார்த்ததாக ஒரு கம்பெனி பெயரில் தாள். சென்னையிலும் நடக்கிறது, நம் ஊர்ப் பிள்ளைகள் ரயிலேறிப் போகும் ஹைதராபாத் அமீர்பேட்டையிலும் நடக்கிறது. பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டினால் வேலையும் போகும், பெயரும் போகும். மாட்டாவிட்டால் அது இன்னும் மோசம். மூன்று வருட அனுபவக்காரன் என்று நம்பி ராத்திரி இரண்டு மணிக்கு நடுக்கடலில் விடுவார்கள். என்னிடம் போனில் அழுத ஒரு பையன் உண்டு. அவன் பெயரோ ஊரோ வேண்டாம்.

பச்சை விளக்கு மோகம் எங்கே கொண்டுவிடும் என்பதற்கு என் சொந்த அனுபவம். முன்பு ஓர் இடத்தில் வேலை பார்த்தேன். அங்கே பேக்கேஜ் களஞ்சியத்துக்குக் கையெழுத்திடும் சாவி ஒன்று இருந்தது. பயனர் கணினி அந்தக் கையெழுத்தைச் சரிபார்த்துத்தான் எதையும் இறக்கும். சாவிக்குக் காலாவதித் தேதி உண்டு. தேதி நெருங்குகிறது என்று பைப்லைன் எச்சரித்துக்கொண்டே இருந்தது. சிவப்பு வந்தால் மேலதிகாரி கேட்கிறார் என்று, எச்சரிக்கை வந்தாலும் வெற்றி என்று சொல்லும்படி யாரோ ஒரு வரியைச் சேர்த்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி சாவி காலாவதியானது. சனிக்கிழமை காலையில் எங்கள் மென்பொருளை நம்பியிருந்த எந்த இடத்திலும் அப்டேட் ஓடவில்லை. பைப்லைன் மட்டும் பச்சையாக இருந்தது. அன்று ஆடிக் கிருத்திகை வேறு. திருத்தணிக்குக் காவடி எடுத்துப் போகும் கூட்டத்தில் லோக்கலில் நின்றுகொண்டே, மடிக்கணினியைத் திறக்கக்கூட இடமில்லாமல், போனில் ஒரு தம்பிக்கு ஒவ்வொரு எழுத்தாகக் கட்டளை சொன்னேன். பக்கத்தில் மயில் காவடிக்காரர், "யாருக்குப்பா மந்திரம் சொல்ற?" என்று கேட்டார்.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று தோன்றினால் 2024 மார்ச்சைப் படித்துப் பாருங்கள். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவி. லினக்ஸ் உள்ள இடமெல்லாம் அது இருக்கும். அதைத் தனியாளாகப் பராமரித்து வந்தவரிடம் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கை பெற்று, வெளியீடு செய்யும் உரிமையையும் பெற்றார். 5.6.0, 5.6.1 ஆகிய இரண்டு பதிப்புகளில் பின்கதவு வைத்தார். எங்கே வைத்தார் என்பதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. எல்லாரும் பார்க்கும் பொது மூலநிரலில் அந்த முக்கியமான வரிகள் இல்லை. வெளியீட்டுக்கென்று மூட்டை கட்டிய தொகுப்பில் மட்டும் ஒரு பில்ட் கோப்பில் ஒளிந்திருந்தன. அது சுற்றுமுற்றும் பார்க்கும். டெபியன் பேக்கேஜாகவோ ஆர்பிஎம் பேக்கேஜாகவோ கட்டுகிறார்களா? 64-பிட் லினக்ஸா? ஆம் என்றால் மட்டும் விஷத்தைக் கலக்கும். அதாவது குறி வைத்தது பில்ட் சர்வரை.

பிடித்தது எந்தப் பாதுகாப்புக் கருவியும் அல்ல. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்யும் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்பவர் வேறு எதையோ அளந்துகொண்டிருந்தார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் வழக்கத்தைவிட அரை நொடி அதிகம் எடுத்தது. அரை நொடி! கண்ணை மூடித் திறக்கும் நேரம்தான். அவர் ஏன் என்று கேட்டார், தோண்டினார், மார்ச் 29-ஆம் தேதி உலகுக்குச் சொன்னார். டெபியனின் நிலைப்பதிப்புக்கு அது போவதற்குள் தடுத்துவிட்டார்கள். மூன்று மாதக் கோர்ஸில் அந்த அரை நொடிக்கு எந்த வாரத்தில் பாடம்?

சரி, கோபம் போதும். மூன்றாவது வாசலில் நுழைய நினைப்பவர்களுக்கு எந்தப் பேக்கேஜ் உலகம் என்ற கேள்வி வரும்.

யூனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த பிஎஸ்டி பக்கம் இரண்டு. ஃப்ரீபிஎஸ்டியின் போர்ட்ஸ் 1994-இல் ஜோர்டான் ஹப்பர்ட் தொடங்கியது. அதிலிருந்து 1997-இல் நெட்பிஎஸ்டிக்காரர்கள் பிரித்தெடுத்து வளர்த்தது பேக்கேஜ்சோர்ஸ். ஃப்ரீபிஎஸ்டியில் பூத்ரியேர் என்ற கருவி ஒவ்வொரு பில்டையும் தனிச் சிறைக்குள் வைத்துக் கட்டும். ஒழுங்கான, நேர்த்தியான உலகம். பேக்கேஜ்சோர்ஸ் விசித்திரமானது. ஒரே மேக்ஃபைல் நெட்பிஎஸ்டி, லினக்ஸ், மேக், பழைய சோலாரிஸ் வழியில் வந்த இல்லுமோஸ் என்று எங்கும் கட்ட வேண்டும். காலாண்டுக்கு ஒரு கிளை வெளியிடுவார்கள். மொத்தக் களஞ்சியத்தையும் ஒரே மூச்சில் கட்டிப் பார்ப்பதை பல்க் பில்ட் என்பார்கள். முடிந்ததும் எத்தனை வந்தது, எத்தனை விழுந்தது, ஒன்று விழுந்ததால் அதை நம்பி எத்தனை விழுந்தன என்று அறிக்கை வரும். அந்தக் கடைசிப் பத்தியைப் படிப்பது தனிச் சுகம். ஒரே ஒரு லைப்ரரியைத் திருத்தினால் நானூறு பேக்கேஜ் எழுந்து நிற்கும். கூட்டம் சின்னது என்பதால் புதிதாக வருபவரின் திருத்தத்தையும் யாராவது கவனித்துப் பதில் போடுவார்கள். யூனிக்ஸின் எலும்பு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் இந்தியாவில் இதை வைத்து வேலை தேடுவது கஷ்டம்.

நிக்ஸ் என்ற பேக்கேஜ் முறை இப்போது நாகரிகம். ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006-இல் முனைவர் பட்ட ஆய்வேடாக எழுதிய யோசனை. உள்ளே போன எல்லாப் பொருளையும் சேர்த்து ஒரு குறியீடு கணக்கிட்டு, அந்தப் பெயரிலேயே விளைவைச் சேமிப்பார்கள். அதனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மிதிக்காது. புத்திசாலித்தனமான ஏற்பாடு. முதல் வேலையாக மட்டும் எடுக்காதீர்கள். அதற்கென்றே ஒரு மொழி கற்க வேண்டும். சாதாரண யூனிக்ஸில் எந்தக் கோப்பு எங்கே இருக்கும் என்று பழகாமல் அங்கே போனால் இரண்டும் கெட்டானாகத் திரும்புவீர்கள். நிக்ஸ் நண்பர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

ஃபெடோரா, சூசே என்ற லினக்ஸ் தொகுப்புகள் கம்பெனி வேலைக்கு நேராகப் பயன்படும். வருமானம் உடனே வேண்டும் என்பவர்கள் யோக்டோவைப் பார்க்கலாம். கார், ரவுட்டர், மருத்துவக் கருவி இவற்றுக்குள் போகும் லினக்ஸைக் கட்டும் ஏற்பாடு அது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வாகனத் தொழில் இருக்கும்வரை சென்னையில் இந்த வேலைக்குத் தேவை இருக்கும். விளம்பரத்தில் 'பேக்கேஜ் பராமரிப்பாளர்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. 'பில்ட் இன்ஜினியர்', 'ரிலீஸ் இன்ஜினியர்', 'எம்பெடெட் லினக்ஸ்' என்று தேட வேண்டும்.

என்னைக் கேட்டால் டெபியன். காரணம் கேட்டால் நான் அங்கே வளர்ந்தேன், அவ்வளவுதான். இருந்தாலும் வெளியே சொல்லக்கூடிய காரணங்களும் உண்டு. ஒவ்வொரு பில்டின் லாக்கும் பொதுவில் கிடக்கிறது. தோற்ற பில்டுகளின் பட்டியல் என்றைக்கும் தீராது. 32-பிட் கணினிகளின் கடிகாரம் 2038 ஜனவரியில் நிரம்பிவிடும் என்பதால், 2024-இல் நூற்றுக்கணக்கான லைப்ரரிகளின் பெயரை மாற்றி, அவற்றை நம்பியிருந்தவற்றை எல்லாம் மறுபடி கட்டினார்கள். அந்தச் சில மாதம் லாக் படிக்கத் தெரிந்தவனுக்கு அள்ள அள்ள வேலை. 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் மினி டெப்கான்ஃப் என்ற டெபியன் கூட்டம் நடந்தது, அதே வருடம் செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடே கொச்சிக்கு வந்தது. காஞ்சிபுரத்தில், செங்கல்பட்டு லைனில் ஏறினால் பக்கத்திலேயே, தமிழில் பேசும் லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. சந்தேகம் கேட்க ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை என்பது நம் பிள்ளைகளுக்குச் சின்ன விஷயமல்ல.

செலவு? பழைய மடிக்கணினி, எட்டு ஜிபி ராம், இணையம். வளையல் வீட்டிலேயே இருக்கட்டும்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்பா லோகோ ஷெட்டில் இருந்தபோது நான் அவரிடம் கேட்டிருக்கிறேன், ஓடிக்கொண்டிருக்கிற என்ஜினை எதற்கு ஷெட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள் என்று. ஐ.ஏ., ஐ.பி., ஐ.சி. என்று அவர்களுக்குக் கணக்கு உண்டு. குறித்த காலம் ஆனால் நன்றாக ஓடும் என்ஜினும் வந்து நிற்க வேண்டும். அவர் சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்பார். எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று கை சொல்லும். அந்தக் கை வர அவருக்கு ஆறு வருடம் ஆயிற்று; அதுவரை பெரியவர்களுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். அந்த ஆறு வருடத்தை யாரும் அவரிடம் மூன்று மாதமாகச் சுருக்கித் தருகிறேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஷெட்டில் உள்ள எல்லாரும் சிரித்திருப்பார்கள். அதே மனிதர்கள் பிள்ளை விஷயத்தில் மட்டும் ஏன் நம்பிவிடுகிறீர்கள்?

பிள்ளைகளே, உங்களுக்கும்தான். ஒரு தோற்ற பில்டின் லாக்கை ஒரு ராத்திரி உட்கார்ந்து படித்துப் பாருங்கள். எரிச்சல் வரும், எல்லாருக்கும் வரும். பத்து மணிக்கு எரிச்சல் வந்து, பன்னிரண்டு மணிக்கும் அதை மூடி வைக்க மனம் வராமல் இருந்தால் இந்தப் பக்கம் வரலாம். பத்தரைக்குத் தூக்கம் வந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, வேறு பக்கம் உங்களுக்கு ஏதோ காத்திருக்கிறது. டெஸ்டிங்கிலோ கணக்கிலோ ரயில்வேயிலோ நீங்கள் பிரமாதமாக இருக்கலாம். பக்கத்து பெஞ்சுக்காரன் போகிறான் என்பதற்காக மட்டும் போகாதீர்கள். அவனும் உங்களைப் பார்த்துத்தான் போகிறான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் வந்தான். பத்து மணிக்கு வரச் சொன்னால் பதினொன்றரைக்கு. ஒரு தமிழ் எழுத்துரு பேக்கேஜை எடுத்துக் கொடுத்தேன். சின்னது, ஒரு நிமிஷத்தில் கட்டிவிடும். இரண்டு முறை கட்டச் சொன்னேன். கட்டினான். இரண்டுக்கும் ஹாஷ், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண், போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரே மூலநிரல், ஒரே மெஷின், ஒரே கட்டளை. எண்கள் வேறு வேறு. நான் தப்பா டைப் பண்ணிட்டேன் போலண்ணா என்று மறுபடி கட்டினான். மூன்றாவது எண்ணும் வேறு. நான் ஒன்றும் சொல்லாமல் கறி வாங்கப் போய்விட்டேன்.

திரும்பி வரும்போது டிஃபோஸ்கோப் என்ற கருவியைத் தானே தேடி இறக்கியிருந்தான். இரண்டு கோப்பையும் பிளந்து எங்கே வேறுபடுகிறது என்று காட்டும் கருவி அது. எழுத்துருக் கோப்புக்குள் 'எஃப்எஃப்டிஎம்' என்ற பெயரில் ஒரு சின்ன அட்டவணை. அதில் சில பைட்டுகள் மாறியிருந்தன. வைத்த டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"அண்ணா, இது ஏதோ நம்பர். ஒவ்வொரு தடவையும் கூடிக்கினே போவுது."

"எவ்வளவு கூடுது?"

கழித்துப் பார்த்தான். முதல் பில்டுக்கும் இரண்டாவதுக்கும் 94. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 211. போனை எடுத்து எதையோ பார்த்தான். கட்டளை அடித்த நேரங்களைக் கணக்கிட்டான் என்று பிறகுதான் புரிந்தது.

அவன் அப்பாவிடமிருந்து போன் வந்தது. என் போனுக்கு.

"இன்னா தம்பி, நாளைக்குத்தான் கடைசித் தேதியாம். கட்டிடலாமா?"

பையனைப் பார்த்தேன். அவன் தலை நிமிரவில்லை. அந்த நேரத்தை எழுத்துருவுக்குள் யார் எழுதுகிறார்கள் என்று எழுத்துரு உருவாக்கும் நிரலின் மூலத்தைத் திறந்துவிட்டிருந்தான்.

"சாப்பிட்டுட்டு அனுப்புறேண்ணே," என்றேன். "சாயங்காலம் அவனையே கேளுங்க."